மதியம் திறக்கும் டப்பா: ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சாப்பாடு பற்றிய நிகழ்வு ஆய்வு

பிள்ளைக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். இட்லி என்றால் நாலு, மீன்குழம்பு என்றால் இன்னொரு கரண்டி சோறு. பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் மதியச் சாப்பாடு மட்டும் முக்கால்வாசி அப்படியே வீடு திரும்பும். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போதே பசியில் முகம் வாடியிருக்கும். உடனே மிக்சரோ பிஸ்கட்டோ கைக்கு வரும். அதைத் தின்ற வயிற்றில் ராத்திரிச் சாப்பாடும் சரியாக இறங்காது. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இப்படியே போய், ஆடி மாதத்தில் அவள் அம்மா என்னைப் பார்க்க வந்தார்.

நான் அவளுடைய வகுப்பாசிரியை. திருச்சியில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளி. மதிய இடைவேளையில் பிள்ளைகளோடு வகுப்பறையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது என் வழக்கம். எந்த டப்பா காலியாகிறது, எது தொடாமல் மூடப்படுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவள்.

"வீட்டுல நல்லாத்தான் மிஸ் சாப்பிடுறா. இங்க வந்தா என்ன ஆகுதுன்னே தெரியல. அதட்டிக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறா" என்றார் அம்மா. தன் சமையல் பிடிக்கவில்லையோ என்ற வருத்தம் ஒரு பக்கம், வேண்டுமென்றே அடம் பிடிக்கிறாளோ என்ற கோபம் இன்னொரு பக்கம்.

இரண்டுமே காரணமாக இருக்கவில்லை. அம்மா காலையில் உப்புப் பார்த்து மூடுகிற சாப்பாடு வேறு, பிள்ளை மதியம் திறக்கிற சாப்பாடு வேறு. நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறது, குலுங்குகிற வேன் இருக்கிறது, இறுக்கமான மூடி இருக்கிறது, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளின் வாய் இருக்கிறது. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் டப்பா திரும்பி வரும் என்பதுதான் இந்தப் பிள்ளையின் விஷயத்தில் நான் கண்டது.

வீட்டு நிலவரம்

அம்மா ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார், அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அப்பாவைப் பெற்ற அப்பாயி கூடவே இருக்கிறார். காலை 5.30 மணிக்குக் குக்கர் அடுப்பில் ஏறும். 6.45க்கு டப்பா மூடப்படும். 7.15க்கு வேன், 8.30க்குப் பள்ளி, 10.30க்குச் சிறு இடைவேளை, 12.40க்கு மதியச் சாப்பாடு. மூடியதற்கும் திறப்பதற்கும் நடுவே கிட்டத்தட்ட 6 மணி நேரம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மா வேலை பார்க்கும் கடையில் ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடு கடையிலேயே போடுகிறார்கள், சூடாக. அப்பா பட்டறைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிடுகிறார். அப்பாயிக்கு வீட்டுச் சாப்பாடு. அந்த வீட்டில் காலையில் கட்டிய சோற்றை மதியம் தின்கிற ஒரே ஆள் இந்த 8 வயதுப் பிள்ளைதான். அந்தச் சோறு எப்படி இருக்கும் என்று மற்ற யாருக்கும் தெரியாது.

வகுப்பறையில் பார்த்தது

முதலில் மூடி. நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற டப்பா, உள்ளே ரப்பர் வளையம். சாம்பார் ஒழுகாது என்று பார்த்து வாங்கியது. ஆவி பறக்கப் பறக்கச் சோற்றைப் போட்டு இதை இறுக்கி மூடினால், ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி தண்ணீராகிவிடும், காற்றும் சுருங்கும். வெளிக்காற்று மூடியை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கிளிப்பை எடுத்த பிறகும் மூடி அசையாது. பெரியவர்களே ஸ்பூன் காம்பால் நெம்ப வேண்டியிருக்கும். இவள் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள், சுற்றுமுற்றும் பார்ப்பாள், அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டுத் தோழி நீட்டுகிற முறுக்கை வாங்கிக்கொள்வாள். கேட்டிருந்தால் திறந்து கொடுத்திருப்பேன். கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் பசியோடு இருப்பது வெளியே தெரிவதே இல்லை.

மூடி திறந்த நாட்களில் உள்ளே இருந்தது என்ன? பருப்புச் சாதம் கட்டியாகி, டப்பாவின் வடிவத்திலேயே நிற்கும். ஸ்பூனால் குத்தினால் ஒரு பாளமாகப் பெயர்ந்து வரும். தோசை என்றால் ஈரம் கோத்து, பிய்த்தால் பிய்யாது. சேமியா உப்புமாவைச் சொல்லவே வேண்டாம். தயிர்ச் சோறு நல்ல வெயில் நாளில் புளித்துப் பொங்கி, மூடியைத் திறந்ததுமே வாசனை அடிக்கும்.

அப்புறம் நேரம். கால அட்டவணையில் 40 நிமிடம் என்று இருக்கும். குழாயடியில் வரிசை, கை கழுவல், பிரார்த்தனை எல்லாம் போக, கையில் இருப்பது அரை மணி நேரம். அதில் பாதியை விளையாட்டுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஆக, சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம். மென்று மென்று தின்ன வேண்டியதும், பிசைந்து உருட்ட வேண்டியதும், முள் பார்க்க வேண்டியதும் இந்தக் கால் மணி நேரத்தில் நடக்காது.

சிறு இடைவேளைக்கு வந்ததோ கிரீம் பிஸ்கட் பாக்கெட். 10.30க்கு அதை முழுசாகத் தின்றவளுக்கு 12.40க்கு, கட்டிதட்டிப்போன சோற்றோடு மல்லுக்கட்டுகிற அளவுக்குப் பசி இருப்பதில்லை.

இத்தனையும் ஒரு பக்கம். இன்னொன்று நடந்தது, அதுதான் எனக்கு மனசு வலித்த விஷயம். ஒருநாள் அவளுக்கு மிளகு போட்டு வதக்கிய முட்டை வந்திருந்தது. வீட்டில் அவளுக்கு உயிரான சாப்பாடு. திறந்ததும் முன் பெஞ்சுப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "சீ, நாத்தம்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவள் அழவில்லை, எதுவும் சொல்லவில்லை, மூடியை வைத்து அழுத்திவிட்டாள். அதற்குப் பிறகு சில நாள் அவள் டப்பாவைத் திறக்கும் விதமே மாறிவிட்டது. ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, உள்ளே என்ன என்று பார்த்துவிட்டு மூடுவாள். அம்மா அதட்டிக் கேட்டும் அவள் சொல்லாத பதில் இதுதான். எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் "அம்மா, உன் சமையல் நாறுகிறது என்று சொன்னார்கள்" என்று சொல்லும்?

ஒரு சனிக்கிழமை

நான் அம்மாவிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றில், பள்ளி நாளில் செய்கிற அதே சமையலை அதே நேரத்தில் செய்து, அதே டப்பாவில் போட்டு 6.45க்கு மூடிவிடுங்கள். பையில் வைத்துக் கொஞ்சம் குலுக்கி, ஜன்னல் ஓரம் வையுங்கள். 12.40க்கு நீங்களே திறந்து, தட்டில் கொட்டாமல், டப்பாவிலிருந்தே கால் மணி நேரத்தில் சாப்பிட்டு முடியுங்கள்.

திங்கள்கிழமை காலையிலேயே கடையிலிருந்து போன் வந்தது. "மிஸ், பாதிக்கு மேல என்னாலயே முடியல. இதையா இத்தனை நாள் புள்ளை தின்னணும்னு திட்டிக்கிட்டு இருந்தேன்?" இவ்வளவுதான் சொன்னார். மகள் மேல் இருந்த கோபம் போய்விட்டது அந்தக் குரலிலேயே தெரிந்தது. டப்பா சாப்பாடு திரும்பி வருகிறது என்று வருத்தப்படும் எந்த வீட்டுக்கும் நான் முதலில் சொல்வது இந்தச் சனிக்கிழமை வேலையைத்தான். அதற்கப்புறம் பேச வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

கட்டுச்சோற்றுக் கணக்கு

தீர்வு எங்கோ தேட வேண்டியதாக இல்லை, அந்த வீட்டிலேயே இருந்தது. அப்பாயி அந்தக் காலத்தில் சமயபுரத்துக்கு நடந்து போகும்போது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனவர். விடியற்காலையில் கட்டி மத்தியானம் அவிழ்க்கிற சோறு எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. குக்கர் வந்தபின், மருமகள் சமையலறைக்கு வந்தபின், அவரிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா போய் உட்கார்ந்து கேட்டதும் அடுக்கிக்கொண்டே போனாராம்.

கலந்த சாதத்துக்கு அரிசியை உதிரியாக வடிக்க வேண்டும். வடித்ததும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, சூட்டோடு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஆவி அடங்கின பிறகுதான் கலக்க வேண்டும். இதற்கு ஏன் என்று கேட்டால் விடை அரிசியின் மாவுச்சத்தில் இருக்கிறது. வெந்து இளகிய மாவுச்சத்து ஆற ஆற மறுபடி நெருங்கிச் சேர்ந்து இறுகும். அதில் அமைலோஸ் என்ற பகுதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் பருக்கை விறைக்கும். எண்ணெய் பருக்கைகளைச் சுற்றிப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகாமல் பார்த்துக்கொள்கிறது. ஆவியை வெளியே விட்டபின் மூடுவதால் டப்பாவுக்குள் தண்ணீர் கோப்பதும் இல்லை, மூடி உள்வாங்கிப் பிடிப்பதும் இல்லை. ஒரே வேலையில் இரண்டு தொல்லை போனது.

பருப்புச் சாதம், சாம்பார் சாதத்துக்குக் கணக்கு தலைகீழ். சோறும் இறுகும், பருப்பும் ஆற ஆறக் கெட்டியாகும். எனவே காலையில் "என்ன இது, இவ்வளவு தண்ணியா இருக்கே" என்று தோன்றுகிற பதத்தில் மூடினால்தான் மதியம் அது சாப்பிடுகிற பதத்துக்கு வரும். கூடுதலாக அரை டம்ளர் வெந்நீர், ஒரு ஸ்பூன் நெய். அவ்வளவுதான் வித்தியாசம்.

தயிர்ச் சோறுதான் அப்பாயியின் பெருமை. சோற்றைக் குழைய வேகவைத்துச் சூட்டோடு மசித்து, காய்ச்சின பாலை ஊற்றிக் கிளற வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு ஸ்பூன் தயிர் விட்டு மூடிவிட வேண்டும். டப்பாவுக்குள்ளேயே அது உறைந்து, பிள்ளை திறக்கும்போது புளிப்பு ஏறாத இளந்தயிராக இருக்கும். முழுக்கத் தயிரே ஊற்றிப் பிசைந்தால், திருச்சி வெயிலில் தயிரில் உள்ள பாக்டீரியா ஆறு மணி நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும், மதியம் வாயில் வைக்க முடியாது. மாதுளை முத்துக்களைத் தனியாகக் கொடுத்து, சாப்பிடும்போது தூவிக்கொள்ளச் சொன்னது அம்மாவின் யோசனை. அது நன்றாக வேலை செய்தது, ஏனென்றால் தூவுவது பிள்ளைக்கு ஒரு வேலை.

தோசை கொடுப்பதை நிறுத்திவிட்டோம். இட்லிக்கு மாற்று வழி இருந்தது. சின்ன இட்லியாக ஊற்றி, ஆறினதும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவிப் பிரட்டிவிட்டால் காய்வதில்லை. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். வெயில் காலத்தில் மதியத்துக்குள் கெட்டுவிடும்.

கெட்டுப்போவது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆறு மணி நேரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாகாமல் தங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் ராத்திரி வெளியே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து எலுமிச்சைச் சாதமாக்கிக் கொடுப்பது என்ற பழக்கத்தை மட்டும் நான் கண்டிப்பாக விடச் சொன்னேன். காலையில் வடித்த சோறு, தாம்பாளத்தில் விசிறிக்குக் கீழே பத்து நிமிடம், துடைத்துக் காய்ந்த டப்பா. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் வெயிலைத் தாங்குவதற்குக் காரணம் அவற்றின் புளிப்பு. அந்தப் புளிப்பில் கிருமிகள் மெதுவாகத்தான் வளரும். பங்குனி, சித்திரை வெயிலுக்கு இவை இரண்டும், ஆவணிக்கு அப்புறம் மற்றவை என்று அப்பாயி பிரித்ததில் எனக்கு முழு சம்மதம்.

டப்பாவையும் மாற்றினார்கள். ஒற்றைக் கிளிப் போட்ட எவர்சில்வர் டப்பா, அகலமாக, ஆழம் குறைவாக. கடையில் வாங்கும்போதே பிள்ளை கையில் கொடுத்துத் திறந்து மூடச் சொல்லி வாங்கினார்கள்.

எவ்வளவு வைப்பது

அம்மா வைத்த சோறு ஒரு பெரிய ஆளுக்குக் காணும். மதியம் ஒருவேளைதானே, குறைத்து வைத்தால் பசிக்குமே என்கிற பயம். ஆனால் நிரம்பி வழியும் டப்பாவைப் பார்த்தே பிள்ளை மலைத்துப்போகிறது. எங்கே ஆரம்பித்தாலும் முடியாது என்று தெரிந்ததும் ஆரம்பிப்பதே இல்லை.

இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று நம் சத்துணவுக் கூடங்களிலேயே இருக்கிறது. பள்ளி மதிய உணவுக்கான அரசு விதிப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. அதிலிருந்து கிடைக்க வேண்டியது 450 கிலோ கலோரி, 12 கிராம் புரதம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் சொல்வது சுமார் 1,700 கிலோ கலோரி, 23 கிராம் புரதம். அதாவது மதிய டப்பா ஒன்றிலேயே நாளின் புரதத்தில் பாதி கிடைத்துவிடலாம். இவளுடைய டப்பாவில் இருந்ததோ ஏகப்பட்ட சோறும் ஓரத்தில் கொஞ்சம் உருளைக்கிழங்கும்.

சோற்றை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தோம். மிச்ச இடத்தில் தினம் ஒரு புரதம்: கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை, மீல்மேக்கர் வறுவல், முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சுண்டலில் எலுமிச்சை பிழிவதற்கும் காரணம் உண்டு. கடலையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது, எலுமிச்சையின் வைட்டமின் சி அதற்கு உதவுகிறது. இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சோற்றிலும் உருளையிலும் அது வராது. சிறு இடைவேளைக்குப் பிஸ்கட் பாக்கெட் போய், வாழைப்பழமோ கொய்யாத் துண்டோ வந்தது.

கொய்யாவில் ஒரு சின்னத் தடங்கல். முழுப் பழமாகக் கொடுத்தபோது தொடாமல் திரும்பியது. பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் முன்பல் இரண்டு விழுந்து, புதுசு பாதிதான் முளைத்திருக்கிறது. கடிக்க முடியாத பிள்ளைக்கு முழுக் கொய்யா எதற்கு? நீளத் துண்டுகளாக நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்த நாள் முதல் ஒரு துண்டு மிஞ்சவில்லை. ஆறிலிருந்து ஒன்பது வயது வரை எந்தப் பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினாலும் பல்லைப் பாருங்கள் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பேச்சையும் மாற்ற வேண்டியிருந்தது. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பிள்ளைகளுக்கு ஊட்டுவதில் ஒரு பொறுப்புப் பிரிவினையைச் சொல்கிறார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. அதில் எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் இதை ஏற்பது கஷ்டம், தட்டில் மிச்சம் வைப்பதே பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் டப்பா திரும்பி வந்ததும் விசாரணை நடத்துவதை நிறுத்தச் சொன்னேன். மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அதற்கேற்ப மாற்றுங்கள், பிள்ளையிடம் கேட்காதீர்கள். அம்மா இதைக் கடைப்பிடித்தார். சில வாரத்தில் பிள்ளை தானாகவே "நாளைக்குப் புளிசோறு வைம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

முட்டை

முட்டை விஷயத்தில் வீட்டார் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நெடுநேரம் கொதித்த முட்டையில் கந்தக வாயு உண்டாகும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் வெந்தது அதிகம் என்று அர்த்தம். அந்த வாயு மூடின டப்பாவுக்குள் அடைபட்டுத்தான் திறந்ததும் முகத்தில் அடிக்கிறது. தண்ணீர் கொதித்தபின் பத்து நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு, நன்றாக ஆறவிட்டுக் கட்டினால் வாடை பெரும்பாலும் இருக்காது. இதை அம்மா செய்தார்.

மிச்சம் வகுப்பறையின் வேலை, அதாவது என் வேலை. சாப்பாட்டைப் பார்த்து மூக்கைப் பிடிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் தாங்களாகக் கற்றுக்கொள்வதில்லை. முட்டையும் கருவாடும் யார் வீட்டில் சமைப்பது, அதை எந்தக் குரலில் சொல்வது என்பதெல்லாம் பெரியவர்கள் பேச்சிலிருந்துதான் அவர்கள் காதில் விழுகிறது. அந்தப் பையனைத் தனியாக நிறுத்தித் திட்டுவதில் பயனில்லை. அடுத்தவர் டப்பாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்பதை வகுப்பு விதியாக வைத்தேன். அதன்பின் அடிக்கடி என் டப்பாவிலும் முட்டை வந்தது. நடுவில் உட்கார்ந்து திறந்து சாப்பிட்டேன். சைவ வீட்டுப் பிள்ளைகள் அருகில்தான் இருந்தார்கள், யாருக்கும் எந்தக் குறையும் வரவில்லை.

இந்த இடத்தில் சத்துணவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று முட்டை வந்தது. படிப்படியாக ஏறி, 2010இலிருந்து வாரத்தின் ஐந்து பள்ளி நாளும் முட்டை. சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். அங்கே முட்டையைப் பார்த்து யாரும் "சீ" என்பதில்லை, ஏனென்றால் எல்லார் தட்டிலும் அது இருக்கிறது. தனியார் பள்ளிப் பிள்ளை தன் வீட்டையே ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்து நாற்பது பேர் முன்னால் திறக்கிறது. அந்தத் தயக்கம் எவ்வளவு பெரியது என்பதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் உணர வேண்டும்.

பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று பார்த்து உணவை மாற்றுவதிலும் சத்துணவுத் திட்டம் முன்னால் போயிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சோறும் சாம்பாரும் என்றே ஓடிக்கொண்டிருந்ததை, 2013இல் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்தில் மாற்றிப் பார்த்தார்கள். தக்காளிச் சாதம், புளி சாதம், எலுமிச்சைச் சாதம், கொண்டைக்கடலைப் புலாவ், காய்கறி பிரியாணி என்று கலந்த சாதங்கள் வந்தன. வெறும் அவித்த முட்டை மிளகு முட்டையாகவும் தக்காளி மசாலா முட்டையாகவும் ஆனது. அடுத்த ஆண்டு அது மாநிலம் முழுக்கப் போனது. அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் பழையவைதான். பிள்ளை விரும்பித் தின்கிற வடிவம் மட்டும் புதிது.

காய்கறி

காயைப் பொரியலாகத் தனியே வைத்தால் அது மட்டும் திரும்பி வந்தது. ஆறின பீன்ஸ் பொரியலை எனக்கும் பிடிக்காது. துருவிய கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் அடை மாவுக்குள்ளும் கலந்த சாதத்துக்குள்ளும் போயின. ஆனால் எல்லாவற்றையும் ஒளித்தே கொடுத்தால் பிள்ளை அந்தக் காயை ஒருநாளும் அறியாது. புதிய காய் ஒன்றைப் பிள்ளை ஏற்பதற்கு 8 முதல் 15 தடவை வரை அதைச் சுவைக்கும் வாய்ப்பு வேண்டியிருக்கலாம் என்று உணவியல் ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக ஒரு ஸ்பூன் அளவு மட்டும், டப்பாவின் ஒரு மூலையில், அவளுக்குத் தெரியும்படி வைக்கச் சொன்னேன். தின்றாலும் சரி, தின்னாவிட்டாலும் சரி. இப்படியே வந்துகொண்டிருந்த வெள்ளரித் துண்டு முதலில் போணியானது, அப்புறம் கேரட். பீன்ஸ் இன்னும் மூலையிலேயே இருக்கிறது.

பலன்

தீபாவளி நெருங்கும்போது டப்பா பெரும்பாலான நாட்களில் காலியாகவோ இரண்டு வாய் மிச்சத்தோடோ போக ஆரம்பித்தது. மதியத்துக்குப் பிந்தைய வகுப்பில் மேஜையில் தலை சாய்ப்பது நின்றது. சாயங்கால மிக்சர் ஒரு டம்ளர் பாலும் வேர்க்கடலை உருண்டையுமாக மாறி, ராத்திரிச் சாப்பாடும் சீரானது. எடை கூடியதா என்று சிலர் கேட்டார்கள். சில மாதத்தில் அதைச் சொல்ல முடியாது, அதற்காக இதைச் செய்யவும் இல்லை.

இது ஒரு பிள்ளையின் கதை. வேறு பிள்ளைக்கு வேறு காரணம் இருக்கலாம். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரும் சோறும் குறைத்துக்கொள்ளும் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மாற வேண்டியது கழிப்பறை, டப்பா இல்லை. மலச்சிக்கல், வயிற்றில் பூச்சி, இரத்த சோகை எல்லாமே பசியை மந்தமாக்கும். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலை வேண்டாம் என்று சொல்லாமல் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டிலும் சாப்பிடாத, எடை குறைகிற பிள்ளையை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

இப்போது அந்த வீட்டில் ஓடுகிற வாரம் இது. திங்கள் எலுமிச்சைச் சாதம், சுண்டல். செவ்வாய் பொடி இட்லி, வேர்க்கடலை. புதன் தக்காளிச் சாதம், முட்டை. வியாழன் தளர்வான சாம்பார் சாதம், மீல்மேக்கர் வறுவல். வெள்ளி பால் ஊற்றிய தயிர்ச் சோறு, மாதுளை. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று அலுத்துப்போகும், அதைப் பிள்ளையே சொல்லி மாற்றிவிடுகிறாள். முருங்கைக் கீரையை இட்லிப் பொடியில் வறுத்துச் சேர்த்துப் பார்க்கப்போவதாக அப்பாயி சொல்லி அனுப்பியிருக்கிறார். சேமியா உப்புமா பட்டியலில் திரும்ப வரவில்லை.